காத்திருப்போர்: பூஜ்ஜியம்

கத்தி இல்லாமல், ரத்தம் இல்லாமல், மயக்க மருந்து இல்லாமல், நோயாளியைத் தொடக்கூடச் செய்யாமல் எலும்பு நோயைக் குணப்படுத்தும் முறையை மனித குலம் கண்டுபிடித்துவிட்டது. அதற்குத் தேவையானவை ஒரு பதிவேடு, ஒரு சிவப்புப் பேனா, மூன்று மாடிப் படிக்கட்டு. அரசுப் பொது மருத்துவமனையின் எலும்புப் பிரிவு இதைச் செய்து காட்டிக் கேடயமும் வாங்கியிருக்கிறது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கேடயம் நிற்கிறது. ‘காத்திருப்போர்: பூஜ்ஜியம்’ என்று பொறித்திருக்கிறார்கள். பூஜ்ஜியம் மட்டும் தங்க நிறம்.

இப்பேர்ப்பட்ட சாதனையைக் கெடுத்தவள் ஒரு பஸ் கண்டக்டர். இது அவள் கதை. நியாயமாக அவளைக் கண்டித்துத்தான் எழுத வேண்டும். முயன்று பார்ப்போம்.

பணிமனையில் அவளுக்கு ‘டபுள் விசில்’ என்று பெயர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். அவள் வண்டி நின்றதைவிடக் கிளம்பியதுதான் அதிகம் என்பது சக ஊழியர்களின் கணிப்பு. வீட்டில் கணவரும் அப்படித்தான் அழைத்தார், அவள் காதில் விழாத தூரத்தில்.

பத்தொன்பது வருடம் ஓடுகிற தரைமேல் நின்றவள். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தபோது குதிகாலில் யாரோ ஆணி அடித்தது போலிருந்தது. கணவர் தச்சர். முதல் வாரம் முழுக்க அவர் தரையில் ஆணியைத் தேடினார். தன் தொழில் மேல் அவருக்கு அவ்வளவு சந்தேகம்.

மருத்துவமனையின் வெளிநோயாளி டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குதிகால் எலும்பின் அடியில் பறவை அலகு போல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எலும்பு முள் என்றார். நின்றுகொண்டே இருந்தால் வளரும் என்றார். உட்கார்ந்தால் போய்விடுமா என்று அவள் கேட்டதற்கு, போகாது என்றார். மெத்தென்ற செருப்பு, களிம்பு, பாட்டிலைக் காலுக்கடியில் உருட்டும் பயிற்சி, மூன்று ஊசி என்று ஒன்பது மாதம் ஓடியது. முள் எதற்கும் அசையவில்லை. கடைசியில் டாக்டர் அறுவை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்து, மூன்றாம் மாடியில் பதிந்துகொள்ளச் சொன்னார்.

பணிமனை மேலாளர் நல்ல மனிதர். விதியை அனுதாபத்தோடு படித்துக் காட்டினார். ஆறு மாதம் உட்கார்ந்த வேலை தரலாம். அதற்குள் அறுவை முடிந்து, தகுதிச் சான்று வந்துவிட வேண்டும். வராவிட்டால் ‘மருத்துவக் காரணங்களால் பணியிலிருந்து விடுவிப்பு’. விடுவிப்பு என்ற சொல்லை ஏதோ சிறையிலிருந்து அனுப்புவது போல் இதமாக உச்சரித்தார்.

உட்கார்ந்த வேலை என்பது பயணிகள் தவறவிட்ட பொருட்களின் அறை. இருநூறுக்கு மேல் குடைகள், பதினோரு ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், ஒரு கைத்தடி. கைத்தடியை மறந்துவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துபோன அந்த மனிதரைப் பற்றி டபுள் விசில் நிறைய யோசித்தாள். தன் வண்டியில் வந்தே அவர் கால் சரியாகியிருக்கும் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆனால் அறை அசையவே இல்லை. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் அறையை அவளால் சகிக்க முடியவில்லை. திரும்ப வண்டியில் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

இனி மூன்றாம் மாடி.

‘எலும்பியல் அறுவைக் காத்திருப்போர் மேலாண்மை அலுவலகம்’ அங்கேதான் இருந்தது. கால் சரியில்லாதவர்களுக்கான அலுவலகத்தை மேலே வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு: காற்றோட்டம். லிப்ட் இருந்தது. ‘கோப்புகளுக்கு மட்டும்’ என்று அதில் எழுதியிருந்தது. கோப்புகளால் படியேற முடியாது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஐம்பத்து நான்கு படிகள். அவள் ஏறினாள், கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு.

அலுவலகத்தின் எழுத்தர் சுத்தமான மனிதர். பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. நீலம் மை தீராமல் பல வருடமாக அப்படியே இருந்தது. சிவப்பு அடிக்கடி மாற்றப்பட்டது. எனவே நோயாளிகள் அவருக்கு ‘சிவப்புப் பேனா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அவளுக்கு நாற்பத்தேழாம் எண் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று நேரில் வந்து ‘வலி தொடர்கிறது’ என்று கையெழுத்திட வேண்டும். வேறு ஆள் வரக் கூடாது, போன் செய்யக் கூடாது. வலி அவரவருடையது, அதை வேறொருவர் எப்படிச் சொல்ல முடியும் என்று விளக்கினார். கேட்டபோது அவளுக்கும் சரியாகத்தான் பட்டது.

முதல் திங்களன்று படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். முழங்கால் போன ஒரு பெயிண்டர், தன் வாழ்நாளில் ஏறிய ஏணிகளையெல்லாம் சேர்த்தாலும் இந்தப் படிக்கு ஈடாகாது என்று சொல்லிச் சிரித்தார். இடுப்பு பிடித்த ஒரு டீச்சர், படிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு ஏறினார். ஒருவருக்கொருவர் களிம்பு பெயர் கேட்டுக்கொண்டார்கள். கல்யாண வீடு போல் கலகலப்பாகத்தான் இருந்தது.

இரண்டாம் மாதம் அவள் எண் இருபத்தொன்பது ஆகியிருந்தது. படியில் கூட்டமும் குறைந்திருந்தது. மூன்றாம் மாதம் எண் எட்டு. பெயிண்டரைக் காணோம், டீச்சரைக் காணோம். ஆபரேஷன் முடிந்து பெயிண்டர் ஏதோ ஒரு சுவரில் ஏறியிருப்பார் என்று அவள் கற்பனை செய்தாள்.

“கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னா என்னமோ சொல்றாங்க. என்ன வேகம் தெரியுமா?” என்றாள் கணவரிடம்.

நான்காம் மாதம் கடிதம் வந்தது. முதல் வரி: ‘வாழ்த்துகள்’. தங்கள் குதிகால் குணமடைந்தது குறித்து மருத்துவமனை மகிழ்கிறது. பட்டியலிலிருந்து தங்கள் பெயர் நிறைவுடன் நீக்கப்படுகிறது.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஐம்பத்து நான்கு படியும் ஏறினாள்.

“சார், எனக்கு ஆபரேஷன் இன்னும் ஆகலை.”

“ஆகாமலே குணமாயிருக்கீங்க. அதுக்குத்தானேம்மா வாழ்த்து.”

“வலி அப்படியே இருக்கு சார்.”

சிவப்புப் பேனா பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ‘நடந்து வந்தார்’, ‘வரவில்லை’. அவள் பெயருக்கு எதிரே மூன்று மாதமும் முதல் கட்டத்தில் டிக் இருந்தது.

“அம்பத்தி நாலு படிம்மா. மூணு மாசமா ஏறி வந்திருக்கீங்க. கால் சரியில்லாதவங்களால முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

“வராம இருந்திருந்தா?”

“வலி இல்லைன்னு அர்த்தம். வலிச்சா வந்திருப்பீங்கல்ல.”

அவள் கொஞ்ச நேரம் பதிவேட்டைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம் சில்லறைத் தகராறு பார்த்தவள். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியும். எங்கேயும் இடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அப்போ ஆபரேஷன் யாருக்குத்தான் சார் பண்றீங்க?”

“தகுதியானவங்களுக்கு. அந்த அளவுக்கு இன்னும் யாரும் வரலைம்மா.” பெருமையோடு சேர்த்துச் சொன்னார்: “நம்ம ஊர் ஆரோக்கியமான ஊர்.”

பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் குணமானார்கள். மூன்று மாதம் வந்தவர்கள் வந்ததால் குணமானார்கள். வர முடியாதவர்கள் வராததால் குணமானார்கள். வராதவர்களில் ஒருவர் இறந்துபோயிருந்தார். அவருக்கும் வலி இல்லை என்பதில் அலுவலகம் உறுதியாக இருந்தது. அந்த ஒரு பதிவில் மட்டும் யாரும் குறை காண முடியாது.

பணிமனை மேலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். குணம் என்றால் சந்தோஷம், ஆபரேஷன் தேதி எங்கே என்றார். தேதி இல்லாமல் தகுதிச் சான்று இல்லை, சான்று இல்லாமல் வண்டி இல்லை. ஒரே குதிகால் ஓர் அலுவலகத்தில் குணமாகியும் இன்னோர் அலுவலகத்தில் குணமாகாமலும் இருந்தது. இரண்டு அலுவலகமும் விதியை மீறவில்லை. புதிதாகப் பதிந்துகொள்ளலாம் என்று சிவப்புப் பேனா சொல்லியிருந்தார், கடைசி எண்ணில். ஆறு மாதம் முடிய எட்டு வாரம்தான் பாக்கி.

அவள் வண்டியின் டிரைவர் பதினொரு வருடக் கூட்டாளி. பேசுவதைவிட ஹாரன் அடிப்பது அதிகம். மதிய இடைவேளையில் குடை அறைக்கு வந்து, நடந்ததையெல்லாம் கேட்டு, டீயை முழுதும் குடித்து முடித்தபிறகு வாய் திறந்தார்.

“ரெண்டே கட்டம்தானே தங்கச்சி. நடந்து வந்தாங்க, வரலை. நீ வரணும். ஆனா நடக்கக் கூடாது.”

“பறந்தாண்ணே போறது?”

“சீட்டுல உட்கார்ந்து போற.”

கழித்துப் போட்ட பஸ் ஒன்று பணிமனையின் பின்னால் நின்றது. இரண்டு மெக்கானிக்குகள் அதிலிருந்து இருவர் உட்காரும் சீட் ஒன்றைக் கழற்றினார்கள். கணவர் அதன் அடியில் இரண்டு நீளக் கழிகளைக் கச்சிதமாகச் செருகிக் கொடுத்தார். ஆணி அடிக்கவில்லை. இனி தன்னை யாரும் சந்தேகப்படக் கூடாது என்றார்.

அடுத்த மாத முதல் திங்கள் காலை, புதிதாகப் பதிந்துகொள்ள அந்த சீட் மருத்துவமனைக்குள் நுழைந்தது. டபுள் விசில் சீருடையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் என்று வைத்துக்கொள்ளலாம் அப்படி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு மெக்கானிக், பின்னால் ஒரு மெக்கானிக். டிரைவர் முன்னே நடந்து, வளைவு வருது, தலை ஜாக்கிரதை, ஓரமா நில்லுங்க என்று பாதை ஒதுக்கினார். படியில் உட்கார்ந்திருந்த புது நோயாளிகள் எழுந்து வழி விட்டார்கள். ஒருவர் மட்டும் பழக்கதோஷத்தில் இடம் இருக்கா என்று கேட்டார்.

முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பின்னால் இருந்த மெக்கானிக்கின் கை வழுக்கியது. சீட் சாய்ந்தது. யோசிக்க நேரமில்லை. அவள் கை தானாகக் கழுத்துக் கயிற்றுக்குப் போயிற்று. ஒரே ஒரு விசில்.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். சத்தம் மூன்று மாடிக்கும் போய்த் திரும்பி வந்தது.

அந்தத் திருப்பத்தில் ஒரு கதவு இருந்தது. ஏறும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். ‘அறுவை அரங்கம். அமைதி காக்கவும்’ என்ற பலகை தொங்கும். அமைதி பூரணமாகக் காக்கப்படும். இப்போது அது திறந்தது. பச்சை உடையில் ஒரு சர்ஜன் வெளியே வந்தார். ஒரு கையில் தலையணை. தலையணையிலிருந்து நூலில் ஒரு ஊசி தொங்கியது.

“யார் விசில் அடிச்சது?”

ரெண்டு நிமிஷம் நின்று கிளம்பிவிடுகிறோம் என்று டிரைவர் மன்னிப்புக் கேட்டார். சர்ஜன் அவரைப் பார்க்கவில்லை. சீட்டிலிருந்து தொங்கிய காலைப் பார்த்தார்.

“உங்களுக்கு என்னம்மா?”

“குதிகால்ல எலும்பு முள் சார்.”

“நிஜமாவா?” என்றார் சர்ஜன். வருடக் கணக்கில் வேலை தேடியவனுக்கு வேலை கிடைத்த முகம் அது.

அவர் இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. விபத்து எலும்புகளுக்குத் தனிக் கட்டடம். நாள் குறித்துச் செய்யும் அறுவைக்குத்தான் இந்த அரங்கம். திங்கள்தோறும் மேலேயிருந்து பட்டியல் வரும். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. நர்ஸ் தினமும் காலையில் கருவிகளைக் கொதிக்க வைப்பார்; மாலையில் பூட்டி வைப்பார். கை மரத்துப் போகாமலிருக்க சர்ஜன் வார்டு தலையணைகளை வெட்டித் தைக்க ஆரம்பித்திருந்தார். மருத்துவமனையில் இப்போது தையல் போடாத தலையணை இல்லை.

“மாசா மாசம் இத்தனை பேர் படியேறிப் போற சத்தம் கேட்கலையா சார்?” என்று கேட்டாள்.

“கேட்கும். மேல ஏதோ நல்ல ஆபீஸ் இருக்குன்னு நெனச்சேன்.”

அவளுக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பதில் தெரிந்துவிடுமோ என்று தயங்கித்தான் கேட்டாள்.

“எனக்கு முன்னாடி நாப்பத்தாறு பேர் இருந்தாங்க சார். அவங்களுக்கெல்லாம் முடிஞ்சிருச்சுதானே?”

சர்ஜன் உள்ளே போய் அரங்கப் பதிவேட்டை எடுத்து வந்து முதல் பக்கத்தைத் திறந்தார். கோடு போட்ட வெள்ளைத் தாள்.

“நீங்கதாம்மா முதல்.”

சீட்டைத் தூக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்குகள் கை வலியைக்கூட மறந்திருந்தார்கள். பிறகு டபுள் விசில் இரண்டு விசில் அடித்தாள். சீட் திரும்பி அரங்கத்துக்குள் போனது.

பட்டியலில் பெயர் இல்லையே என்று நர்ஸ் ஒரு முறை நினைவூட்டினார். பட்டியலில் இல்லாதவருக்கு அறுவை செய்யக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்றார் சர்ஜன். பட்டியலில் இல்லாத ஒருவர் இந்தக் கதவுவரை வந்துவிடுவார் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. ரத்தம், சர்க்கரை, இதயம் எல்லாம் அன்றே பார்த்தார்கள். மறுநாள் காலை அறுவை. பணியில் இருந்த நர்ஸ்கள், இல்லாத நர்ஸ்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வெளியே எடுத்த முள் சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லை. தையல் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. தலையணைகளின் தியாகம் வீண்போகவில்லை.

ஆறு வாரத்தில் கட்டு, ஊன்றுகோல், பயிற்சி எல்லாம் முடிந்தன. கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது மேலாளரின் மேஜையில் சான்று விழுந்தது. அவர் தேதியைத் தேடினார். இருந்தது. மனதார மகிழ்ந்தார்.

முதல் நாள் காலை வண்டி கிளம்பியதும் தரை காலடியில் அதிர்ந்தது. அவள் கம்பியைப் பிடிக்காமல் நின்று பார்த்தாள். குதிகாலில் ஒன்றும் இல்லை. டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுத் தேவையில்லாமல் ஹாரன் அடித்தார்.

மருத்துவமனை நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நொண்டி நொண்டி இறங்கினார்கள். இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள். எந்த மாடியைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். விதிப்படி நிறுத்தத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை.

“எலும்பு வலி உள்ளவங்க ரெண்டாவது மாடிக்குப் போங்க. கதவைத் தட்டுங்க. மூணாவது மாடிக்குப் போனா குணமாயிடுவீங்க, ஜாக்கிரதை.”

தினமும் ஒன்பது நடை. ஒன்பது முறையும் சொன்னாள். மற்ற கண்டக்டர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டாம் மாடிக் கதவு மூட முடியாமல் போயிற்று. முழங்காலோடு பெயிண்டர் வந்தார், இடுப்போடு டீச்சர் வந்தார். பெயிண்டர் மூன்று மாதமாகப் படுக்கையிலிருந்தே ‘குணமாகி’ இருந்தார். சர்ஜன் தலையணைகளைத் தொடுவதை விட்டுவிட்டார். மாத முடிவில் அரங்கப் பதிவேட்டில் நூற்று முப்பத்தொரு பெயர்கள்.

கேடயம் கொடுத்தவர்கள் கேடயத்தைத் திரும்பக் கேட்டார்கள்.

விசாரணை பணிமனையில் நடந்தது. நடத்தியவர் சிவப்புப் பேனாதான். இப்போது அவர் ‘காத்திருப்போர் ஒழிப்புச் சிறப்பு அதிகாரி’. குற்றச்சாட்டை நின்றுகொண்டு படித்தார். இந்நகரில் பூஜ்ஜியமாக இருந்த எலும்பு நோயாளிகளின் எண்ணிக்கை, மேற்படி கண்டக்டர் பணிக்குத் திரும்பிய நாள் தொட்டு நூற்று முப்பத்தொன்றாக உயர்ந்துள்ளது. நோய் அவரது பேருந்துத் தடத்தின் வழியே பரவியிருப்பது வரைபடத்தில் தெளிவாகத் தெரிகிறது. வரைபடத்தையும் காட்டினார். தெளிவாகத்தான் தெரிந்தது.

“இத்தனை பேருக்கு வலி வந்ததுக்கு என்ன பதில் சொல்றீங்க?”

“வலி அவங்க கிட்ட முன்னாடியே இருந்துச்சு சார். நான் மாடியை மட்டும்தான் சொன்னேன்.”

‘சொன்னதை ஒப்புக்கொண்டார்’ என்று சிவப்பில் எழுதினார்.

தண்டனை மென்மையானது. வேலைக்கு ஆபத்தில்லை. அவள் தடத்திலிருந்து மருத்துவமனை நிறுத்தம் நீக்கப்பட்டது. பலகையைக் கழற்றி, நிழற்குடையைப் பிரித்து எடுத்துப் போனார்கள். மறுநாளிலிருந்து அந்த இடத்தில் பஸ்ஸுக்காக ஒருவர்கூட நிற்கவில்லை. நிறுத்தத்திலும் காத்திருப்போர் பூஜ்ஜியம். இதற்குத் தனிக் கேடயம் வழங்குவது பரிசீலனையில் இருப்பதாகக் கேள்வி.

விதிக்கு மரியாதை கொடுப்பவர்கள் பணிமனைக்காரர்கள். நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்த அவர்களுக்கு மனம் வராது. ஆனால் மருத்துவமனை வாசலுக்கு வரும்போதெல்லாம் அந்த வண்டி பழுதாகிவிடுகிறது. தினமும் ஒன்பது முறை, சரியாக இரண்டு நிமிடம். டிரைவர் இறங்கி இன்ஜினைப் பார்த்துத் தலையாட்டுவார். அந்த இரண்டு நிமிடத்தில் சில பயணிகள் கை கொடுத்து இறக்கிவிடப்படுவார்கள். இரண்டு மெக்கானிக்குகளும் இது உண்மையான பழுதுதான் என்று சான்று அளித்திருக்கிறார்கள்.

நடுவழியில் வண்டி நின்றால் கண்டக்டர் பழுதுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். டபுள் விசில் ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. மேலாளர் மாதக் கடைசியில் அதைப் புரட்டுவார். நேரம், இடம், நின்ற நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ‘கோளாறு எந்தப் பகுதியில்?’ என்ற கட்டத்தில் மற்ற வண்டிகளுக்கு பிரேக், கியர், ரேடியேட்டர் என்று இருக்கும். அவள் வண்டிக்கு மட்டும், பக்கம் பக்கமாக, ஒரே பதில்:

‘எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி.’